கேஸ் லா கணக்குக்கும் ஈல்டு கணக்குக்கும் ஃபெட் சிமுலேஷன் உதவுமா? டியூஷன் எடுக்கற ஆளோட ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், இந்த ஃபெட் ஓசி. லாகின் கேக்காது, ஃபோன் நம்பர் கேக்காது, நடுவுல விளம்பரம் வராது, மறுநாள் காலைல யாரும் கூப்பிட்டு "உங்க பையனுக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு மேடம், டெமோ க்ளாஸ் எப்ப வெச்சுக்கலாம்"னு கேக்க மாட்டாங்க. அமெரிக்கால கொலராடோ யுனிவர்சிட்டி, போல்டர் கேம்பஸ்காரங்க பண்ணி வெச்சிருக்கற ஃபெட் சிமுலேஷன்கள்ல, அதாவது ஸ்க்ரீன்லயே செஞ்சு பாக்கற மாதிரிப் பரிசோதனைகள்ல, ரெண்டே ரெண்ட பத்தித்தான் இங்க எழுதறேன். ஒண்ணு கேஸ் ப்ராப்பர்ட்டீஸ், இன்னொண்ணு ரியாக்டன்ட்ஸ் ப்ராடக்ட்ஸ் அண்ட் லெஃப்ட்ஓவர்ஸ். பேரு நீளமா இருக்குன்னு பயப்படாதீங்க, எங்க டியூஷன்ல மொதல்லத "டப்பா"ன்னும் ரெண்டாவத "சாண்ட்விச்"ன்னும்தான் பசங்க சொல்றாங்க, நானும் அப்படியே எழுதிக்கறேன்.

நான் வீட்டுல ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பசங்களுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கறேன், திருச்சில. ஸ்டேட் போர்டு பசங்கதான் அதிகம், கொஞ்சம் சிபிஎஸ்இ. ஸ்டேட் போர்டு ப்ளஸ் ஒன்ல மொத பாடத்துலயே மோல் கணக்கு (பொருள மூலக்கூறு எண்ணிக்கையா அளக்கறது), லிமிட்டிங் ரியேஜென்ட் (வினைல மொதல்ல தீந்து போற பொருள்) எல்லாம் வந்துரும், ஆறாவது பாடம் வாயு நிலைமை, அங்க பாயில், சார்லஸ், அவகாட்ரோ, டால்டன், வாண்டர்வால்ஸ்னு வரிசையா நிப்பாங்க. சிபிஎஸ்இ பக்கம் சிலபஸ குறைக்கறோம்னு அந்த ஸ்டேட்ஸ் ஆஃப் மேட்டர் பாடத்தையே தூக்கிட்டாங்க, ஆனா தெர்மோடைனமிக்ஸ்ல போனா பிவி ஈக்வல் டு என்ஆர்டி, அதாவது வாயுவோட பிரஷர், வால்யூம், மோல், டெம்பரேச்சர இணைக்கற ஃபார்முலா, தெரியும்னு நெனச்சுக்கிட்டே கணக்கு வருது, பாவம் அந்த பசங்க எங்க படிப்பாங்க. அதனால என் கிட்ட வர்ற ரெண்டு கூட்டத்துக்கும் இந்த ரெண்டு ஏரியாவும் உதைக்கும்.

உதைக்கறதுக்கு காரணம் கணக்கு கஷ்டம்ங்கறது இல்லீங்க. ஒரு கோச்சிங் சென்டர் மெட்டீரியல் பாத்தேன், பேரு வேண்டாம், ஒரே பக்கத்துல ஒன்பது ஃபார்முலா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஷார்ட்கட், எது எப்ப போடணும்ங்கறதுக்கு மட்டும் ஒரு வரி கூட கிடையாது. பையன் கணக்க படிக்கறதுக்கு முன்னாடியே நம்பர எல்லாம் பொறுக்கி எடுத்து எந்த ஃபார்முலால எத்தன கட்டம் காலியா இருக்குன்னு தேடறான். வால்யூம் ரெண்டு இருக்கு, டெம்பரேச்சர் ரெண்டு இருக்கு, அப்ப சார்லஸ், போடு. பிரஷர் மாறலன்னு கணக்குல எங்க சொல்லியிருக்குன்னு கேட்டா முழிப்பான். இந்த வியாதிக்குத்தான் டப்பா நல்ல மருந்து, அதனாலதான் இந்த ரிவ்யூ.

டப்பாவ தொறந்தீங்கன்னா நாலு ஸ்க்ரீன் இருக்கும். ஐடியல், எக்ஸ்ப்ளோர், எனர்ஜி, டிஃப்யூஷன். கணக்குக்கு வேணுங்கறது மொத ஸ்க்ரீன்தான். ஒரு பொட்டி, பக்கத்துல ஒரு பம்பு, கீழ ஒரு அடுப்பு மாதிரி ஒண்ணு, மேல தள்ளினா நெருப்பு, கீழ இழுத்தா ஐஸ். ஒரு தெர்மாமீட்டர், ஒரு பிரஷர் மீட்டர். பம்பு அடிச்சா துகள் உள்ள போகும், அடிக்க சோம்பேறித்தனமா இருந்தா பக்கத்துல இருக்கற அம்புக்குறிய அமுக்குங்க, ஐம்பது ஐம்பதா ஏறும். கனமான துகள் நீலம், லேசானது சிவப்பு. வலது பக்கம் ஹோல்ட் கான்ஸ்டன்ட்னு ஒரு லிஸ்ட் இருக்கு பாருங்க, எத மாறாம வெச்சுக்கணும்னு நீங்களே தேர்ந்தெடுக்கணும், வால்யூமா, டெம்பரேச்சரா, பிரஷரா. என்னக் கேட்டா மொத்த சிமுலேஷனோட மதிப்பே இந்த லிஸ்ட்லதான் இருக்கு. ஏன்னா இத க்ளிக் பண்ணாம மேல போனா நெனச்சது நடக்காது. கணக்குல எது மாறல, எது மாறுதுன்னு பையன் தானா யோசிக்க ஆரம்பிக்கறான், அதாவது கணக்க படிக்க ஆரம்பிக்கறான்.

ஒரு உதாரணம் முழுசா சொல்றேன். எல்லா புள்ளைங்களும் ஒரு தடவையாவது விழற குழி இது. 27 டிகிரில இருக்கற வாயுவ 54 டிகிரிக்கு சூடு பண்ணா, பிரஷர் மாறலன்னா, வால்யூம் என்ன ஆகும்? பட்டுனு "டபுள் மிஸ்"னு சத்தம் வரும். நான் தப்புன்னு சொல்றதில்ல. டப்பாவ தொறந்து நூறு துகள் போடச் சொல்வேன், தெர்மாமீட்டர செல்சியஸ்க்கு மாத்தச் சொல்வேன், விட்த்னு ஒரு டிக் இருக்கும் அதப் போட்டா பொட்டியோட அகலம் 10 நானோமீட்டர்னு காட்டும். இப்ப பிரஷர் கான்ஸ்டன்ட், வால்யூம் மாறலாம்ங்கற ஆப்ஷன போட்டுட்டு நெருப்ப மெதுவா ஏத்தணும். 54 வந்ததும் நிறுத்து. அகலம் என்ன? 20 எதிர்பாத்துட்டு இருப்பான், அங்க 10.9 நிக்கும். மூஞ்சிய பாக்கணுமே. இப்ப தெர்மாமீட்டர கெல்வினுக்கு மாத்துடான்னா 300ல இருந்து 327 போயிருக்கு, நூத்துக்கு ஒன்பது ஏறியிருக்கு, அகலமும் அதே ஒன்பது. அவ்ளோதான், இதுக்கு அப்புறம் கெல்வினுக்கு மாத்த மறக்கற பழக்கம் முக்காவாசி போயிடும். 273 கூட்டணும்னு நான் கத்தி கத்தி சொன்னப்ப ஏறாதது இதுல ஏறிடுது.

அதே சூட்டோட ஒரு சம் கைல குடுத்துடணும். 2.5 லிட்டர் வாயு, 27 டிகிரி, அதே பிரஷர்ல 127 டிகிரிக்கு போனா? 300 கெல்வின், 400 கெல்வின், 2.5ஐ 400ஆல பெருக்கி 300ஆல வகுத்தா 3.33 லிட்டர். செல்சியஸ்லயே போட்டிருந்தா 11.76 லிட்டர் வரும். முன்னாடியெல்லாம் அந்த 11.76ஐ எழுதிட்டு அடில ரெண்டு கோடு போட்டு நிம்மதியா அடுத்த கணக்குக்கு போயிடுவாங்க, இப்ப "நூறு டிகிரி ஏத்தினதுக்கா மிஸ் இவ்ளோ பெருசாகும், டப்பால கொஞ்சூண்டுதான நகந்துச்சு"ன்னு அவங்களே கேக்கறாங்க. விடை நியாயமா இருக்கான்னு கண்ணால ஒரு அளவு வந்துருது, எனக்கு அதுதான் வேணும்.

கீழ ஐஸ் பக்கம் இழுத்து வெச்சுட்டே இருந்தீங்கன்னா துகள் எல்லாம் சோர்ந்து போய் கடைசில பூஜ்ஜியம் கெல்வினுக்கு பக்கத்துல கிட்டத்தட்ட அசையாம நின்னுரும், பிரஷர் மீட்டரும் சுழிக்கு பக்கத்துல வந்துரும். இந்த இடத்துல பசங்ககிட்ட ஒரு விஷயம் சொல்ல எனக்கு ரொம்ப பிடிக்கும். இந்த ஃபெட்ட 2002ல ஆரம்பிச்சவர் கார்ல் வீமன், 2001ல ஃபிசிக்ஸ் நோபல் வாங்கின மூணு பேர்ல ஒருத்தர், எதுக்குன்னா அதே போல்டர்ல 1995ல ருபீடியம் வாயுவ ஒரு கெல்வின்ல கோடில ஒரு பங்கு அளவுக்கு பக்கமா குளிர வெச்சதுக்கு. வாயுவ குளிர வெச்சு நோபல் வாங்கின ஆளு ஆரம்பிச்ச ப்ராஜெக்ட்ல ஒரு ஐஸ் ஸ்லைடர் இருக்கறது பொருத்தம்தானே.

பாயில் கணக்குக்கு வருவோம். டெம்பரேச்சர் கான்ஸ்டன்ட் போட்டுட்டு இடது பக்க கைப்பிடிய புடிச்சு 10 நானோமீட்டர 5 ஆக்கினா பிரஷர் அப்படியே டபுள். நூறு துகள் 300 கெல்வின்ல 12 அட்மாஸ்பியருக்கு கொஞ்சம் கீழ காட்டும், பாதியாக்கினா 23 சொச்சம். பிரஷர் மீட்டர் ஆடிக்கிட்டே இருக்கும், ஒரு இடத்துல நிக்காது, அது கோளாறு இல்ல. உள்ள நூறு துகள்தான் இருக்கு, ஒரு நொடில எத்தன சுவத்துல மோதுதுங்கறது கூடக் கொறைய இருக்கத்தான் செய்யும். எல்லாத்தையும் புள்ளிக்கு மூணு இலக்கம் சுத்தமா எதிர்பாக்கற பசங்களுக்கு மொதல்ல எரிச்சல் வரும், சராசரியா எழுதிக்கோன்னு சொல்லிடுங்க.

இங்க ஒரு எச்சரிக்கை. பாயில் லாவ எக்ஸ்ப்ளோர் ஸ்க்ரீன்ல போய் செஞ்சு பாக்காதீங்க. அங்க சுவத்த தள்ளினா சுவரு துகள் மேல வேல செய்யும், டெம்பரேச்சர் ஏறும், அதனால பிரஷர் டபுளுக்கும் மேல போகும். சைக்கிளுக்கு காத்தடிச்சா பம்பு அடிப்பக்கம் சுடுதே, அதே விஷயம்தான். ஐடியல் ஸ்க்ரீன்ல அந்த வேலை செய்யற சமாச்சாரத்த எடுத்துட்டு நேரா புது சைஸுக்கு துகள பரப்பி விட்டுருவாங்க. ரெண்டுக்கும் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, தெரியாம உள்ள போன புள்ள "பாயில் லா தப்பு மிஸ்"னு வந்து நிக்கும். ப்ளஸ் ஒன்ல ஏழாவது பாடம் தெர்மோடைனமிக்ஸ் எடுக்கறப்ப இதே ஸ்க்ரீன வேணும்னே தொறந்து அடியாபாட்டிக் அமுக்கத்த, அதாவது சூடு வெளிய போக விடாம அமுக்கறத, காட்டலாம், அங்க அது தங்கம்.

இன்னொரு குறை, ஹோல்ட் கான்ஸ்டன்ட் தானா கழண்டுக்கும். பிரஷர் மாறாம வெச்சுட்டு 450 கெல்வினத் தாண்டினா பொட்டி 15 நானோமீட்டருக்கு மேல விரியணும், அதுக்கு மேல விரிய எடம் இல்ல, உடனே ஊப்ஸ்னு ஒரு மெசேஜ் போட்டுட்டு எதையும் மாறாம வெக்காத நத்திங்ங்கற ஆப்ஷனுக்கு தாவிடும். பெரியவங்க படிப்பாங்க. பசங்க மெசேஜ மூடிட்டு அப்படியே தொடர்ந்து சூடு பண்ணுவாங்க, அப்புறம் நோட்டுல எழுதறதெல்லாம் வேற கணக்கு. பக்கத்துல ஆள் இல்லாம விட்டா இது நடக்கும். நெருப்பு ஸ்லைடரும் விட்டா நடுவுக்கு வந்துரும், சரியா 327ல நிறுத்த கை பழகணும், ஃபோன்ல விரலால பண்றது இன்னும் சிரமம், மவுஸ் இருக்கறவங்க மவுஸ் மாட்டிக்கோங்க.

டால்டன் பார்ஷியல் பிரஷருக்கு, அதாவது கலவைல ஒவ்வொரு வாயுவும் தனித்தனியா குடுக்கற பிரஷருக்கு, இது மாதிரி ஒரு சாதனம் நான் பாத்ததில்ல. ஐம்பது நீலம் போடுங்க, பிரஷர குறிச்சுக்கோங்க. இப்ப ஐம்பது சிவப்பு போடுங்க. போடறதுக்கு முன்னாடி ஒரு ஓட்டெடுப்பு வைங்க, லேசான துகள் சேத்தா பிரஷர் கொஞ்சமா ஏறுமா, அதே அளவு ஏறுமா? பாதிக்கு மேல "கொஞ்சம்தான்"னு சொல்வாங்க. டபுள் ஆகும். சிவப்பு லேசு, ஆனா படு வேகமா ஓடி அடிக்கடி மோதுது, அதே டெம்பரேச்சர்ல கணக்கு சரியாப் போயிடுது. அவகாட்ரோ 1811ல சொன்னது, ஒரே டெம்பரேச்சர் ஒரே பிரஷர் ஒரே வால்யூம்னா எந்த வாயுவா இருந்தாலும் மூலக்கூறு எண்ணிக்கை ஒண்ணுதான்னு, அதுக்கும் காரணம் இங்கயே தெரியுது. தண்ணிக்கு மேல வாயு சேகரிக்கற கணக்குல 27 டிகிரில நீராவி பிரஷர் 26.7 மில்லிமீட்டர் மெர்க்குரிய 760ல இருந்து கழிக்கணும்னு சொல்றப்ப ஏன் கழிக்கணும்னு இனிமே யாரும் கேக்க மாட்டாங்க, சிவப்ப கழிச்சா நீலம் மட்டும்தானே மிச்சம்.

சரி டப்பா போதும். இப்ப சாண்ட்விச்.

இதுல மூணு ஸ்க்ரீன், சாண்ட்விச், மாலிக்யூல்ஸ், கேம். மொதல்ல ரெண்டு ப்ரெட்டு ஒரு சீஸ் சேந்தா ஒரு சாண்ட்விச், இடது பக்கம் நீங்க எத்தன வெச்சீங்க, வலது பக்கம் எத்தன சாண்ட்விச் ஆச்சு, எது மிச்சம்னு காட்டும். பதினோராங்கிளாஸ் பசங்க இத பாத்து சிரிப்பாங்க, எல்கேஜியான்னு. சிரிக்கட்டும், ரெண்டு நிமிஷத்துல அடுத்த ஸ்க்ரீன் போயிடுங்க, அங்கதான் வெளையாட்டு. தண்ணி செய்யலாம், அமோனியா செய்யலாம், மீத்தேன எரிக்கலாம்.

அமோனியாவ எடுங்க. மூணு நைட்ரஜன், ஆறு ஹைட்ரஜன் வெக்கணும். எது மொதல்ல தீரும்? "நைட்ரஜன் மிஸ், மூணுதான இருக்கு." எது கம்மியா இருக்கோ அதுதான் லிமிட்டிங்ங்கற இந்த நம்பிக்கை எங்க இருந்து வருதுன்னே தெரியல, எல்லா பேட்ச்லயும் இருக்கு. சிமுலேஷன்ல நாலு அமோனியா வந்து நிக்கும், மிச்சம் ஒரு நைட்ரஜன். ஒரு நைட்ரஜனுக்கு மூணு ஹைட்ரஜன் வேணும், ஆறு ஹைட்ரஜன் ரெண்டு நைட்ரஜனத்தான் இழுத்துக்கும். கண் முன்னாடி அந்த ஒத்த நைட்ரஜன் தனியா நிக்கறத பாத்த உடனே "ஓ, அப்ப சமன்பாட்டுல இருக்கற நம்பரால வகுத்துட்டு பாக்கணுமா"ன்னு ஒருத்தர் ரெண்டு பேராவது சொல்லிருவாங்க, அத நம்ம சொல்லித் தர்றதுக்கு முன்னாடி அவங்க வாயில இருந்து வர வெக்கறதுதான் இதோட பெரும.

ஆனா இத வெச்சு பரீட்சைல எழுத முடியாது, ஏன்னா பரீட்சைல கிராம்தான் வரும். இங்கதான் நோட்டு வேணும். 28 கிராம் நைட்ரஜன், 5 கிராம் ஹைட்ரஜன், எவ்ளோ அமோனியா? கிராம பாத்தா ஹைட்ரஜன் கம்மி. மோல் ஆக்கினா நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 2.5, இப்ப நைட்ரஜன் கம்மி. சமன்பாட்டு நம்பரால வகுத்தா 1க்கு எதிரா 0.833, திரும்ப ஹைட்ரஜன். ரெண்டு தடவ மாறுது பாருங்க, இந்த கணக்கு எனக்கு ரொம்ப பிடிக்கும், குருட்டாம்போக்குல கிராம பாத்து சொன்னவனுக்கும் விடை சரியாத்தான் வரும், ஆனா காரணம் தப்பு, ஸ்டெப்பு எழுதச் சொன்னா மாட்டிப்பான். ஹைட்ரஜன்தான் தீரும்னா அமோனியா 2.5ல மூணுல ரெண்டு பங்கு, 1.667 மோல், 17ஆல பெருக்கினா 28.3 கிராம். மிச்ச நைட்ரஜன் 4.67 கிராம். கூட்டிப் பாத்தா 33, ஆரம்பிச்சதும் 33. இந்த கடைசி கூட்டல நான் கட்டாயம் போட வெப்பேன், சாண்ட்விச்லயும் இடது பக்கம் இருந்த அணு எல்லாம் வலது பக்கம் எங்கயாவது இருக்கும்ல, அதே சரிபார்ப்புதான்.

இப்ப என்னோட பெரிய புகார். இந்த சிமுலேஷன்ல எல்லா வினையும் நூத்துக்கு நூறு நடக்கும். பர்சன்டேஜ் ஈல்டு, அதாவது கிடைக்க வேண்டியதுல எத்தன சதவீதம் நிஜமா கிடைச்சதுங்கற பேச்சே கிடையாது. அதனால ஒரு புதுக் குழப்பம் வருது. மிச்சம் நிக்கற நைட்ரஜன பாத்துட்டு "அப்ப ஈல்டு நூறு இல்லல்ல மிஸ், மிச்சம் இருக்குல்ல"ன்னு கேக்கறாங்க. இல்லீங்க, அந்த மூணுக்கு ஆறு கேஸ்ல நாலு அமோனியா வந்தா ஈல்டு முழுசா நூறு சதவீதம், ஏன்னா லிமிட்டிங் ரியேஜென்ட் குடுக்க முடிஞ்ச அதிகபட்சம் நாலுதான். மிச்சம் இருக்கறது கூடுதலா போட்டது. ஈல்டு குறையறது வேற, நாலு வர வேண்டிய இடத்துல மூணு வந்தா அது 75 சதவீதம். மேல சொன்ன கணக்குல 28.3 கிராம் வரணும், ஆய்வகத்துல 17 கிராம்தான் கிடைச்சதுன்னா 60 சதவீதம். மிச்சத்துக்கும் ஈல்டுக்கும் இருக்கற இந்த வித்தியாசத்த சிமுலேஷன் சொல்லித் தராது, சொல்லப் போனா கொஞ்சம் குழப்பி விடும். நீங்கதான் உக்காந்து சொல்லணும்.

அதுலயும் அமோனியாவ போய் முழு வினையா காட்டறது எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு. நிஜத்துல அமோனியா தயாரிக்கற ஹேபர் முறைல 400 முதல் 500 டிகிரி சூடு, 150 முதல் 250 அட்மாஸ்பியர் பிரஷர், இரும்பு கேட்டலிஸ்ட் எல்லாம் போட்டும் ஒரு தடவ உள்ள போன வாயுல கிட்டத்தட்ட 15 சதவீதம்தான் அமோனியாவா மாறும், அமோனியாவ குளிர வெச்சு திரவமா பிரிச்சுட்டு மிச்ச வாயுவ திரும்பத் திரும்ப சுத்த விடறாங்க. ப்ளஸ் ஒன்லயே பின்னாடி சமநிலை பாடத்துல இதையே படிக்கப் போறாங்க, இப்ப மனசுல முழுசா மாறும்னு பதிஞ்சுட்டா அப்ப அழிக்கணும். மீத்தேன் எரியறது, தண்ணி உண்டாகறது ரெண்டும் பரவால்ல, அதையே அதிகமா பயன்படுத்துங்க, அமோனியாவ எடுத்தா வாய்வார்த்தையா இத சொல்லிடுங்க.

கேம் ஸ்க்ரீன் நல்லாருக்கு, மூணு லெவல். மூலக்கூறு படத்த மறைக்கலாம், நம்பர மறைக்கலாம், அந்த ஆப்ஷன் அருமை. படத்த மறைச்சுட்டு வெளையாடினா நிஜமாவே கணக்கு போட வேண்டியிருக்கும். என் தம்பி பொண்ணு எட்டாவது படிக்கறா, மோல்னா என்னன்னே தெரியாது, மொத லெவல அசால்ட்டா முடிச்சுட்டா. லிமிட்டிங் ரியேஜென்ட்ங்கறது அறிவுக்கு கஷ்டமான விஷயமே இல்ல, கிராமும் மோலும் தசமப் புள்ளியும் லாக் டேபிளும் சேந்துதான் அத பூதமாக்குது.

வாயுவும் ஈல்டும் சேந்து வர்ற கணக்குக்கு ரெண்டு சிமுலேஷனும் தனித்தனியா நிக்கறதுதான் ப்ராப்ளம். வினை நடந்து துகள் எண்ணிக்கை குறைஞ்சு பிரஷர் எறங்கறத ஒரே எடத்துல பாக்க முடியாது. சாண்ட்விச்ல எண்ணிக்கைய எடுத்துட்டு டப்பால போய் அதே எண்ணிக்கைல துகள் போட்டுத்தான் காட்டறேன், ஒட்டுப் போட்ட வேலைதான். பரீட்சைல மார்க் போறது இந்த மாதிரி கணக்குலதான். 10 கிராம் கால்சியம் கார்பனேட்ட சூடு பண்ணி வந்த கார்பன் டை ஆக்சைட 27 டிகிரி, 1 அட்மாஸ்பியர்ல சேகரிச்சா 2 லிட்டர் இருந்தது, ஈல்டு என்ன? 0.1 மோல் வரணும். உடனே 22.4ஆல பெருக்கி 2.24 லிட்டர்னு எழுதி 89 சதவீதம்னு முடிச்சுருவாங்க. ஒரு மோல் வாயு 22.4 லிட்டர்ங்கறது 273 கெல்வினுக்கு, இங்க 300. 0.1ஐ 0.0821ஆலயும் 300ஆலயும் பெருக்கினா 2.46 லிட்டர், ஈல்டு 81 சதவீதம்தான். டப்பால ஆடின பையனா இருந்தா "சூடு அதிகம்னா எடமும் அதிகம் வேணும்ல"ன்னு ஒரு நொடி நிப்பான். எல்லாரும் நிப்பாங்கன்னு சொல்ல மாட்டேன். நிறைய பேர் நிக்கறாங்க.

22.4 பத்தி பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன், சில கொஸ்டின்ல 22.7ன்னு வரும், பசங்க அச்சுப் பிழைன்னு நெனப்பாங்க. 1982லயே ஐயுபேக் (கெமிஸ்ட்ரிக்கான சர்வதேச அமைப்பு) எஸ்டிபிக்கான, அதாவது வாயுவ அளக்கறதுக்குன்னு வெச்சிருக்கற பொது டெம்பரேச்சர், பிரஷர்ல, பிரஷர 1 அட்மாஸ்பியர்ல இருந்து 1 பாருக்கு மாத்திடுச்சு, பிரஷர் கொஞ்சம் கம்மி, அதனால வால்யூம் கொஞ்சம் அதிகம். கணக்குல எது குடுத்திருக்கோ அத போடுங்க. டப்பால பிரஷர் மீட்டர அட்மாஸ்பியர், கிலோபாஸ்கல் ரெண்டுலயும் மாத்திக்கலாம். கிலோபாஸ்கல்னா என்ஆர்டில வர்ற ஆர் மதிப்பு 8.314, வால்யூம் லிட்டர்ல, அட்மாஸ்பியர்னா 0.0821, இந்த ஜோடிய மாத்திப் போட்டா நூறு மடங்கு தள்ளி எங்கயோ போய் நிக்கும் விடை.

வாண்டர்வால்ஸ் கணக்குக்கு, அதாவது நிஜ வாயுல துகள் ஒண்ண ஒண்ணு இழுக்கறதையும் சேத்துக்கற கணக்குக்கு, இத நம்பாதீங்க. உள்ள இருக்கற துகள் ஒண்ண ஒண்ணு இழுத்துக்காது, மோதிக்கும், அவ்ளோதான். அதனாலதான் பூஜ்ஜியத்துக்கு பக்கத்துல வரைக்கும் குளிர வெச்சாலும் திரவம் ஆகறதே இல்ல. நிஜ வாயு எதுவும் அப்படி இருக்காதுன்னு சொல்லிட்டு அந்த பகுதிய போர்டுலயே நடத்திக்கோங்க.

நடைமுறை விஷயங்கள். ப்ரவுசர்லயே ஓடும், ஆப் தேவையில்ல. ஒரு தடவ டவுன்லோட் பண்ணிக்கிட்டா நெட் இல்லாமலும் ஓடும், ஒரே ஃபைல்தான், பென்டிரைவ்ல போட்டு ஸ்கூல் லேப் கம்ப்யூட்டர்லயும் காட்டலாம். பழைய ஃபோன்ல டப்பால துகள் நிறைய போட்டா திணறும், நூறு இருநூறோட நிறுத்திக்கோங்க, பாடத்துக்கு அது தாராளம். ஸ்க்ரீன்ல இருக்கற இங்க்லீஷ் வார்த்தை கைவிரல்ல எண்ணிடலாம், தமிழ் மீடியம் பசங்க மொத நாளே பழகிட்டாங்க. ஆசிரியரா ஃப்ரீயா ரெஜிஸ்டர் பண்ணிக்கிட்டா மத்த ஆசிரியர்கள் போட்டு வெச்ச ஒர்க்ஷீட்டும் எடுத்துக்கலாம், தரம் ஏறுக்கு மாறா இருக்கும், நான் பெரும்பாலும் நானே எழுதிக்கறேன்.

நான் பண்ற முறை இதுதான், வேணும்னா எடுத்துக்கோங்க. மொதல்ல நோட்டுல விடை ஊகிச்சு எழுதணும், அப்புறம்தான் மவுஸ தொடணும். ஊகிக்காம தொட்டா வெறும் வீடியோ கேம், மூடிய தொறந்து துகள வெளிய விடறதும் பிரஷர ஏத்தி மூடிய பறக்க விடறதுமா நேரம் போயிடும், அதையும் ஒரு அஞ்சு நிமிஷம் விடத்தான் வேணும், இல்லன்னா கவனம் பூரா அதுலயே இருக்கும். சிமுலேஷன் முடிஞ்ச உடனே அதே வகைல மூணு நாலு கணக்கு, கால்குலேட்டர் இல்லாம, லாக் டேபிளோட. பப்ளிக்லயும் நீட்லயும் கால்குலேட்டர் கிடையாது, அதுக்கு ஃபெட் எந்த உதவியும் பண்ணாது.

மார்க் போடணும்னா டப்பாவுக்கு அஞ்சுக்கு நாலரை, ஊப்ஸ் மெசேஜுக்காக அரை கழிச்சுட்டேன். சாண்ட்விச்சுக்கு மூணரை, லிமிட்டிங் ரியேஜென்டுக்கு மட்டும்னா நாலு குடுப்பேன், ஈல்டுன்னு பாத்தா ரெண்டு கூட அதிகம். ஏற்கனவே கணக்கு போடத் தெரிஞ்சு வேகம் மட்டும் வேணும்ங்கற நீட் ரிப்பீட்டர்ஸ் இதுல உக்காந்து நேரத்த செலவழிக்க வேண்டாம், பழைய கொஸ்டின் பேப்பர் எடுத்து போடுங்க. ப்ளஸ் ஒன் சேந்துட்டு மொத மிட்டெர்ம்லயே கெமிஸ்ட்ரி கணக்குல அடி வாங்கின புள்ள வீட்டுல இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமையே டப்பாவ தொறந்து 27ல இருந்து 54 டிகிரி கேள்விய கேட்டுப் பாருங்க.